ஊசி போட்ட மகளுக்கு

ஸ்பிரிங்வெளி, மேல் லயம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிஷாந்தினிக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். உன் உடம்பை நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். இதைப் போனில் பேசினால் சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும். அதோடு என் வாயில் வரவும் வராது.

இங்கே விடாத மழை. கொழுந்து குறைவு என்பதால் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எனக்கு வேலையும் அரைகுறைதான். கூரைத் தகரம் மாற்றித் தருவதாகத் தோட்டத்துத் துரை மறுபடியும் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாததா? சரி, அதை விடு.

பொங்கலுக்கு நீ வந்தபோது தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பின்னால் நின்று சிகரெட் குடித்ததைப் பார்த்தேன். நல்ல நாளில் எதற்கு என்று பேசாமல் இருந்தேன். பதுளை ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றும்போதுதான், உன் அம்மாவைப் புற்றுநோய்க்குக் கொடுத்தது போதாதா என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பை வாயில. எனக்குத்தான் அதுக்கு ஆறாம் வகுப்புலேயே ஊசி போட்டாச்சேப்பா. சலூன்ல நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேல, இது இல்லாட்டி முடியாது" என்றாய். ரயிலும் போய்விட்டது.

நீ சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கிளினிக் நாளில் போய்க் குடும்பநல மிஸ் ஜீவராணியிடம் கேட்டேன். பிள்ளைத்தாச்சிகள் வரிசையில் நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. "நல்லையாண்ணே, உங்களுக்கு எத்தன மாசம்?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுக்காகக் கேட்பதாகச் சொன்னேன். மிஸ் நம்பியதாகத் தெரியவில்லை.

மிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஊசி நல்ல ஊசிதாண்ணே. அது வீணாப் போகல. ஆனா அந்தப் புற்றுநோயக் கொண்டுவர்ற கிருமியில பல வகை இருக்கு, எல்லாத்தையும் ஊசி தடுக்காது. தப்பி வர்றத உடம்புதான் வெரட்டணும். சிகரெட் குடிச்சா அந்தச் சக்தி கொறையும், கிருமி போகாம அங்கேயே தங்கிரும். ஊசி போட்டிருந்தாலும் குடிக்கிறவங்களுக்கு ஆபத்து கூடத்தான். முப்பத்தஞ்சு வயசானதும் கிளினிக்ல சோதிச்சும் பாக்கணும்" என்றார்.

அந்த ஊசியைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்று லயத்தில் கதை கட்டியபோது நான்கூடத் தயங்கினேன். உன் அம்மாதான் பள்ளிக்கூடத்துக்கே போய், "எம்புள்ளைக்குப் போடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று நின்றாள். நீ அதையே சாக்காக வைத்துப் புகை விடுகிறாய். எனக்குக் கோபம்தான் வருகிறது, மகள்.

நீங்கள் வெற்றிலையோடு புகையிலை போடவில்லையா என்று கேட்பாய். நிறுத்திவிட்டேன். வெறும் வெற்றிலை வாய்க்குப் பிடிக்கவேயில்லை. ஸ்டோரில் யாரைக் கண்டாலும் எரிந்து விழுகிறேன். அதனால் விடுவது லேசு என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை உனக்கு இதுவரை சொன்னதில்லை. உன் அம்மாவுக்கு மாதக்கணக்காக நேரங்கெட்ட நேரத்தில் இரத்தம் பட்டிருக்கிறது. ஒரு ஆம்பிளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று மறைத்துவிட்டாள். எனக்குத் தெரிய வந்தபோது, பிந்திவிட்டது என்று டாக்டர் கையை விரித்தார். நான் அவள் புருஷன். என்னிடமே வெட்கப்பட்டாள்.

அதனால்தான் நான் வெட்கத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன். சிகரெட்டை விட்டுவிடு, மகள். ஒரேயடியாக முடியாவிட்டால், இன்றைக்கும் குடித்துவிட்டேன் அப்பா என்று சொல்லு, திட்ட மாட்டேன். உடம்பில் என்ன மாற்றம் கண்டாலும், அது பெண்கள் சமாச்சாரமாக இருந்தாலும், என்னிடம் சொல்லு. முத்துமாரியம்மன் உன்னை நூறு வயது வரை வைத்திருக்கட்டும்.

எதைச் சொன்னாலும் கேட்கக் காத்திருக்கும்
உன் அப்பா
நல்லையா