காக்காத் திட்டில் எண்ணிய வெட்டுக்கிளிகள்

நவம்பர் 28, 2024
வேலையில் சேர்ந்தேன். பழவேற்காடு ஏரிக்குள் மூன்று சின்னத் திட்டுகளில் வெட்டுக்கிளியும் சிள்வண்டும் எண்ணும் வேலை. பொறுப்பு தேவானந்தம் சார். சித்தூர்க்காரர், திருப்பதியில் பேராசிரியர். ஆடு மேய்வதால் அதில் ஒன்றான காக்காத் திட்டில் வெட்டுக்கிளி அழிகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியவர் இவர்தான். அதைக் காட்டித்தான் வனத்துறை ஆபீசில் எங்கள் முப்பத்தொரு ஆட்டையும் திட்டைவிட்டு இறக்கினார்கள். நைனா எல்லாவற்றையும் விற்றுவிட்டு நாயுடுபேட்டையில் மூட்டை தூக்குகிறார்.

நைனா பெயரை, நாகையா மகள் என்பதை, சாரிடம் சொல்லவில்லை. சுமித்ரா, பி.எஸ்சி. ஜுவாலஜி. அவ்வளவுதான்.

டிசம்பர் 2
ஆடு போனபின் வெட்டுக்கிளி பெருகியிருக்கும் என்று சார் நம்புகிறார். பெருகித்தான் இருக்கிறது. கால் வைக்கிற இடமெல்லாம் எகிறுகிறது. ஆனால் அவருக்கு முட்டியில் ஆபரேஷன். சேற்றில் இறங்க முடியாது. கயிறு கட்டிய கட்டத்துக்குள் வலை வீசிப் பிடிப்பது நான். படகில் உட்கார்ந்து ஜாடியைப் பார்த்து எழுதுவது அவர்.

டிசம்பர் 3
காக்காத் திட்டில் நாற்பத்தொன்று பிடித்தேன். புதருக்குப் பின்னால் மூடியைத் திறந்து கவிழ்த்தேன். ஒன்பது மிச்சம்.

சார் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு முறை வீசச் சொன்னார். ஏழு கொண்டுவந்தேன். அவர் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

டிசம்பர் 8
ஞாயிறு. சார் சித்தூரில், சர்ச்சில். நைனா வந்தார். கையைத் தூக்கித் தலை வாரிக்க முடியல அவரால. நான்தான் வாரிவிட்டேன். வுடமாட்டேன். இன்னும் கொறைப்பேன்.

டிசம்பர் 17
மற்ற இரண்டு திட்டுகளுக்கு உண்மையான எண்ணைத்தான் கொடுக்கிறேன். சந்தேகம் வரக்கூடாது.

ஜனவரி 9, 2025
எண்ணி முடித்தாயிற்று. ஆடு இருந்த வருஷத்து எண்ணையும் இந்த வருஷத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துச் சார் வெகுநேரம் பார்த்தார். ஆடு மேய்ந்த வெட்டவெளியில்தான் அவை முட்டை வைத்திருக்கும், புல் மூடிவிட்டதால் அழிந்தன, அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்றார்.

மறைப்பார் என்று நினைத்தேன். மறைத்திருந்தால் ஊர் முன்னால் அவர் மானத்தைக் கிழித்திருப்பேன். இந்த ஆள் ஏன் மறைக்கவில்லை?

பிப்ரவரி 20
ஆட்டைத் திரும்ப விடலாம் என்று ஆபீசுக்கு எழுதிவிட்டார். ஆட்டுக்காரர் யாரென்று விசாரித்துக்கொண்டு இன்று எங்கள் வீட்டுக்கே வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலில் நின்றுவிட்டார்.

"நீ இவரோட பொண்ணாம்மா?"

தலையாட்டினேன்.

நைனாவைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பா எழுதிட்டேன் நாகையா. உங்க பொழப்பு போச்சு."

"அய்யோ, அப்டி சொல்லாதீங்க சார். உள்ள வாங்க, டீ குடிச்சிக்கினு போலாம்," என்று நைனா பதறினார்.

இதைத்தான் கேட்டேன். இந்தக் கையைக் கூப்ப வைக்கத்தான் செய்தேன்.

போகும்போது, இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு ஒழுங்காக எண்ணினாயே என்று என் தலையில் கை வைத்தார். தட்டிவிட வேண்டும்போல இருந்தது. அசையாமல் நின்றேன்.

ஜூன் 14
திட்டில் பன்னிரண்டு ஆடு. நைனா மூட்டை வேலையை விட்டுவிட்டார்.

செப்டம்பர் 3
சார் ஆய்வையே விட்டுவிட்டார். ஒரு குடும்பத்தைக் கெடுத்த எழுத்து இனி வேண்டாம் என்று சொன்னாராம். அடுத்து எண்ணப்போகும் ஒன்பது திட்டுகளுக்கும் பொறுப்பாளராக என்னைப் போடச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார். நகல் இன்று தபாலில் வந்தது. "சொந்தக் கோபத்தை எண்ணில் கலக்காதவள்" என்று எழுதியிருக்கிறார்.

நைனா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

வேலைக்குச் சம்மதம் என்று பதில் போட்டாயிற்று.