மூன்றாம் பனிக்கிணற்றில் தூசி இல்லை

நாள் 212 – காலை
செவ்வாய்க் கோள், பனிக்கிணறு மூன்று. துளைப்பான் சீராக ஓடுகிறது. எடுத்த பனி நேற்றைவிடச் சற்று அதிகம். மின்கலம் நிறைவு. காற்று மிதம்.
பதிவு செய்பவர்: வசுமதி, நிலையப் பொறியாளர். இங்கே வேறு யாரும் இல்லை.
செயற்கைக்கோள் கடந்தபோது குடியிருப்பிலிருந்து ஒரு செய்தி. என் மகள் அல்லி. ஒன்பதாம் வகுப்பு, பள்ளி விடுதியில் இருக்கிறாள்.
"அம்மா, ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி வருது. நான் தூசி பத்திப் பண்ணப் போறேன். நாலு கிணத்துலயும் வெளிய மூணு மூணு கண்ணாடித் தட்டு வெச்சு, வாரா வாரம் போட்டோ எடுக்கணும். எந்த இடத்துல சோலார் தகடு சீக்கிரம் மூடும்னு பாக்கலாம். நீ எடுத்துத் தருவியா? ரெஜினா மிஸ் உன்கிட்ட கேக்கச் சொன்னாங்க."
பனிப் படிகங்களைப் பற்றிச் செய் என்று போன மாதமே சொல்லியிருந்தேன். அது என் துறை. குறிப்புகளும் அனுப்பியிருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
தட்டுகளை வைத்துவிட்டேன்.

நாள் 215 – மாலை
துளைப்பான் சீர். அல்லிக்கு முன்னுரை எழுதி அனுப்பினேன். நான்கு பக்கம். செவ்வாயின் காற்றோட்டம், தூசித் துகளின் அளவு, எல்லாம் இருக்கிறது. நடுவர்கள் அசந்துபோவார்கள்.

நாள் 217 – காலை
முன்னுரை திரும்பி வந்துவிட்டது. கூடவே ரெஜினாவின் குரல்.
"வணக்கம் மேடம். நீங்க எழுதினது ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பிள்ளைங்க அவங்க சொந்த வார்த்தையிலதான் எழுதணும், அதுக்குத்தான் மார்க். கேள்வி அவங்களோடதா இருக்கணும். அளவு மூணு தடவை எடுக்கணும். எங்க தப்பு வரலாம்னு அவங்களே சொல்லணும். அப்புறம் நின்னு பேசணும். கோவிச்சுக்காதீங்க."
கோபம் எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பாடத்திட்டத்தை எனக்கு விளக்க இந்தப் பெண் தேவையில்லை.
வடிகட்டி மாற்றினேன்.

நாள் 219 – காலை
முதல் வாரப் படம் எடுக்க வெளியே போனேன். தட்டுகளில் நல்ல படிவு. மூன்றிலும் ஒரே அளவாக இல்லை. பள்ளத்தாக்கின் பக்கம் இருக்கும் தட்டுதான் மிக மோசம். விரலால் கோடு போட்டால் தெரிகிறது.
நான்கு இடங்களில் தூசி குறைந்த இடம் இதுதான் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அந்த அறிக்கையை வைத்துத்தான் இங்கே நிலையம் கட்டினார்கள்.
அல்லியின் ஊகம் அப்படி இல்லை. பள்ளத்தாக்குக் காற்று நேராக வந்து விழுவதால் மூன்றாம் கிணற்றில்தான் அதிகம் படியும் என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "மிஸ் வரைபடத்தைப் பாக்கச் சொன்னாங்க, பாத்தேன்" என்றாள். நானும்தான் பார்த்திருந்தேன்.
தட்டுகளைத் துணியால் துடைத்தேன். கருவிப் பராமரிப்பு. பிறகு படம் எடுத்து அனுப்பினேன்.

நாள் 226 – காலை
துடைத்தேன். படம் அனுப்பினேன். துளைப்பான் சீர்.

நாள் 228 – மாலை
அல்லியின் செய்தியை மூன்று முறை கேட்டேன். தட்டில் எத்தனை விழுக்காடு மறைந்திருக்கிறது என்று எண்ணுவதை விளக்குகிறாள். சராசரி எடுக்கிறாள். அதோடு நிற்காமல், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைச் சொல்கிறாள். "இதுக்கு மேல நான் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்கிறாள். வாக்கியங்கள் சுத்தமாக வருகின்றன. முன்பெல்லாம் 'அப்புறம், அப்புறம்' என்று இழுப்பாள்.
தசமப் புள்ளி என்றால் அழுத பிள்ளை. எத்தனை மாலைகள் இந்தத் திரை வழியாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன். வரவே இல்லை. ஒரு கண்காட்சிக்காக அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்ததும் வந்துவிட்டது.
நான் சந்தோஷப்பட வேண்டும். இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
செய்தியின் முடிவில் ரெஜினா சிரிப்பது கேட்டது. அல்லியும் கூடச் சிரிக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை.

நாள் 233 – காலை
துடைத்தேன். படம் அனுப்பினேன்.

நாள் 234 – மாலை
"அம்மா, உன் தட்டு மூணும் அப்படியே ஒரே மாதிரி வருது. மத்த கிணத்துலல்லாம் கொஞ்சமாவது வித்தியாசம் இருக்கு. அளவுன்னா அப்படித்தான் இருக்கும்னு மிஸ் சொல்றாங்க. ஒரு தடவை, எதையும் தொடாம எடுத்து அனுப்ப முடியுமான்னு கேக்கறாங்க."
எதையும் தொடாமல். கேட்டது அவள்தான், அல்லி இல்லை.
பதில் அனுப்பினேன்: "பதினாறு வருஷமா அளவு எடுக்கறவ நான். சந்தேகம்னா என் தட்டு வேண்டாம். எடுத்துடச் சொல்லு உங்க மிஸ்ஸ."

நாள் 240 – மாலை
கண்காட்சி முடிந்தது. அல்லி பேசினாள்.
"ரெண்டாம் பரிசும்மா. மிஸ்ஸுக்கும் எனக்கும் சண்டை. உன் அளவைத் தனியா வெச்சு, 'இது சந்தேகம்'னு எழுதுன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். என் ஊகம் தப்புன்னு எழுதிட்டேன். தப்பா இருந்தாலும் எழுதணும்ல. என் விளக்கப்படத்தக் கட்டுப்பாட்டு அறைல மாட்டப் போறாங்களாம். இம்மானுவேல் அண்ணன் கேட்டு வாங்கிட்டாரு."
அவள் என் பக்கம் நின்றாள். அத்தனை பேர் முன்னால், அந்தப் பெண்ணுக்கு எதிராக.
இன்று இரண்டு பங்கு சாப்பிட்டேன். மாதக்கணக்கில் இப்படிப் பசித்ததில்லை.

நாள் 247 – காலை
தெற்கே புழுதிப் புயல் எழுந்திருக்கிறது. தகடுகளைத் துடைக்கும் தூரிகைக் கை பாதியில் நின்றுவிட்டது. மோட்டார் கருகிவிட்டது. உதிரி இல்லை.

நாள் 249 – மதியம்
புயல் வந்துவிட்டது. நண்பகலிலும் விளக்கு வேண்டியிருக்கிறது. வெளியே போய்க் கையால் துடைத்தேன். கடைசித் தகட்டை முடித்துத் திரும்பிப் பார்த்தால் முதல் தகடு மறுபடி மூடியிருக்கிறது. பள்ளத்தாக்கு அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறது.
துளைப்பானை நிறுத்தினேன். நெடுந்தூர ஒலிபரப்பிக்கு மின்சாரம் போதவில்லை. கேட்க முடிகிறது, பேச முடியாது. கையில் இருக்கும் சின்ன வானொலி பக்கத்தில் யாராவது வந்தால் மட்டும்தான் பயன்படும்.

நாள் 251 – காலை
கட்டுப்பாட்டு அறையிலிருந்து பொது அறிவிப்பு. இம்மானுவேல்.
"நாலு கிணத்துலருந்தும் பேச்சில்ல. மீட்பு வண்டி ஒண்ணுதான் இருக்கு. அல்லியோட விளக்கப்படத்துல எங்க தூசி அதிகமோ அங்க முதல்ல போறோம். ஒண்ணு, நாலு, ரெண்டு, கடைசியா மூணு. மூணாம் கிணத்துல தூசி இல்ல, வசுமதி அக்கா சமாளிச்சிடுவாங்க. எல்லாரும் தைரியமா இருங்க."
மற்ற மூன்றையும் முடித்து வண்டி இங்கே வருவதற்குள் சூடேற்றி நின்றுவிடும்.
ஒலிபரப்பியின் பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். அதன் சின்ன விளக்குகூட எரியவில்லை.

நாள் 252 – காலை
சூடேற்றியைக் குறைத்தேன். விரல்கள் மரத்துப்போகின்றன. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.
இம்மானுவேல் மறுபடி:
"மூணாம் கிணறு, நான் பேசறது கேட்டா சந்தோஷம். ரெஜினா டீச்சர் ஸ்கூல் வண்டிய எடுத்துக்கிட்டு உங்ககிட்ட கிளம்பிட்டாங்க. அந்தத் தட்டு அவ்ளோ சுத்தமா இருக்க வாய்ப்பே இல்லன்னு நேத்துலருந்து சண்டை. தனியாப் போவாதீங்கன்னு சொன்னோம். கேக்கல. வழிகாட்டி விளக்கைப் போட்டு வைங்கக்கா."
பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் சின்ன வண்டி அது. புயலுக்கு ஆனதல்ல.
இந்தப் பெண்தானா வர வேண்டும்?

நாள் 252 – பிற்பகல்
சின்ன வானொலியில் குரல். பக்கத்தில் வந்துவிட்டாள்.
"வசுமதி மேடம், ரெஜினா பேசறேன். கேக்குதா? கண்ணு மறைக்குது. விளக்கு எதுவும் தெரியல. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சிக்னலைப் பிடிச்சு வந்துடுவேன்."
வானொலி கையில் இருக்கிறது. விளக்கின் விசை கைக்கெட்டும் தூரத்தில். மின்கலத்தில் விளக்குக்கு வேண்டியது மிச்சம் இருக்கிறது.
வந்தால் வாசலில் தூசி மூடிக் கிடக்கும் அந்த மூன்று தட்டுகளைத்தான் முதலில் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் அந்த மாதிரி. என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போய் அல்லியின் முன்னால் இறக்குவாள். அல்லி முதலில் யாரைக் கட்டிக்கொள்வாள்?
"மேடம், அல்லி உங்களைப் பத்தியேதான் பேசுவா. எங்கம்மா மாதிரி அளவு எடுக்கணும்னு சொல்லித்தான் இந்த வேலையையே ஆரம்பிச்சா. அவளுக்காகவாவது பேசுங்க."
பொத்தானின் மேல் கட்டைவிரல் இருந்தது. அழுத்தவில்லை.

அதே நாள் – சற்றுப் பின்
"உங்களைத் தாண்டி வந்துட்டேனோ தெரியல. தரை சரியிற மாதிரி இருக்கு. நிறுத்திப் பாக்கறேன்."
சரிவு என்றால் பள்ளத்தாக்கு.
விளக்கைப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். "நில்லுங்க. அங்கயே நில்லுங்க. இடது பக்கம் பள்ளம். நான் வசுமதி. இங்கதான் இருக்கேன்."
இரைச்சல் மட்டும்.
"ரெஜினா. பதில் சொல்லுங்க ரெஜினா."

அதே நாள்
விளக்கு எரிகிறது. சூடேற்றியை முழுக்க அணைத்துவிட்டேன், விளக்கு கொஞ்சம் கூட நேரம் எரியட்டும். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். தொண்டை போய்விட்டது.
இதைக் கண்டெடுப்பவருக்கு. மூன்றாம் கிணற்றுத் தட்டுகளை வாரா வாரம் துடைத்தது நான். அல்லியின் ஊகம் சரி. அவள் முறை சரி. சொல்லிக் கொடுத்தவள் சரி. இம்மானுவேலிடம் சொல்லி அந்த விளக்கப்படத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.
எதற்காகத் துடைத்தேன் என்று அல்லி கேட்பாள். மூன்று வாக்கியம் எழுதினேன். மூன்றையும் அழித்துவிட்டேன்.
வெளியுடுப்பு போட்டாயிற்று. கயிறு இருக்கிறது. கைவிளக்கு இருக்கிறது. உடுப்பில் மூச்சுக்காற்று, போக மட்டும் போதும். வண்டியில் மிச்சம் இருந்தால் திரும்பவும்.

அதே நாள்
கிளம்பும்போது நெடுந்தூர வானொலியில் செய்தி.
"அம்மா, அல்லி பேசறேன். மிஸ்கிட்டருந்து சத்தமே இல்லன்னு அண்ணன் சொல்றாரு. உன்கிட்ட வந்து சேர்ந்துட்டாங்க, அதான் பேசலன்னு நான் சொன்னேன். சரிதானம்மா? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்கன்னா எனக்குப் பயமில்ல. மிஸ்கிட்ட சாரி சொன்னேன்னு சொல்லிடு."
பதில் அனுப்ப வழியில்லை. இந்தப் பதிவுத் திரையும் மங்கி மங்கி அணையப் பார்க்கிறது.
கதவைத் திறக்கிறேன். இடது பக்கம் பள்