மூன்றாவது பெடல்

என் வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஒரு காரைப் பற்றி மூன்று பக்கம் எழுதத் தெம்பு இருக்கிறவருக்கு என்ன குறை? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உங்கள் கப்பலில் உடனே சிக்னல் போய்விடுகிறது. மெயிலில் வரும் கடிதத்தில் அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து கடைசி வரை படியுங்கள்.

நீங்கள் சொல்லி அனுப்பிய கார் புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை வந்தார், உங்கள் தம்பியையும் கூட்டிக்கொண்டு. நம் சிவப்புக் காரைக் கொடுத்துவிட்டு வாங்கியே தீருவேன் என்று நீங்கள் துடிக்கிற கறுப்புக் கார் வாசலில் நின்றது. அதுவும் நம்முடையதைப் போல இன்னொருவர் ஓட்டிக் கழித்த ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆனால் முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார். சரிக்குச் சரி மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அதிகாரப் பத்திரத்தை வைத்து நான் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று பேனாவையும் நீட்டினார். உங்கள் தம்பி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சொக்கிப்போய் நின்றார். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு.

ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வலது காலை உள்ளே வைத்து, கடைசியில் இடது காலைக் கையால் தூக்கி வைத்தேன். குனிந்து பார்த்தால் மூன்று பெடல். கியர் வண்டி! நீங்கள் அதை எழுதித்தான் இருந்தீர்கள், குதிரைத்திறனுக்கும் சீட்டுத் தோலுக்கும் நடுவில். நான்தான் நீங்கள் ஏதோ தவறாக எழுதிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை மிதித்தேன். கியர் விழுந்தது. அடுத்த நொடி கால் எலும்பில் வைத்திருக்கிற பிளேட் சுருக்கென்று இழுத்தது, பாதம் நழுவியது, வண்டி துள்ளிப் போய் கேட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்று அணைந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். புரோக்கர் பதறிக்கொண்டு ஓடி வந்தார், என்னைப் பார்க்க இல்லை, பம்பரைப் பார்க்க. பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க ஏன் மேடம் சிரமப்படறீங்க? சார் ஒருத்தர்தான் ஓட்டுவாரு, வீட்ல வேற யாரும் ஓட்டறதில்லைன்னு சொன்னாரே."

எனக்கு உச்சி வரைக்கும் சுர்ரென்று ஏறியது. வேறு யாரும் ஓட்டுவதில்லையா? அப்புறம் தினமும் விடிந்ததும் விடியாததுமாக அந்தச் சிவப்புக் காரில் வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களுக்கு ரத்தம் எடுத்து லேபில் கொண்டுபோய்க் கொடுப்பது யார், பேயா பிசாசா? ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், ரத்தம் எடுக்க வந்தாயா, ரேஸுக்கு வந்தாயா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுச் சிரிக்கிறார். இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது என்ன சொன்னீர்கள்? நல்லது, பேட்டரி இறங்காமல் இருக்கும் என்றீர்கள். நான் பிழைப்புக்கு ஓட்டுகிறேன், உங்கள் பேட்டரிக்குச் சேவகம் செய்யவில்லை. இந்தக் கறுப்புக் கார் வந்தால் நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். உங்கள் மூன்று பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி, அண்ணன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு. மறந்திருப்பாரு" என்றார். மறந்திருப்பாராம்! மறக்கிற விஷயமா அது? பாவம், அவரைத்தான் அன்றைக்குக் கண்டபடி திட்டிவிட்டேன். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நீங்களே ஒரு வார்த்தை பேசிச் சமாதானம் செய்யுங்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது உங்கள் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. "இந்த ஆட்டோமேட்டிக்கை அன்றைக்கு அவசரத்தில் வாங்கித் தொலைத்தேன், வேறு நல்லதாகக் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதம் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினீர்கள். இரண்டே பெடல். வலது கால் மட்டும் போதும். வாய் திறந்து சொல்லத் தெரியாத மனிதர், எனக்காகத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஓட்டினேன். என் அக்காவிடம் பெருமையடித்துக்கூட இருக்கிறேன்.

விபத்து நடந்த அன்று, அந்த மழையில், ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தது. லாரி என் பக்கம் வந்து இடித்தது. இதற்காக நான் ஒருநாளும் உங்களைக் குற்றம் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் கட்டில் பக்கமே வராமல் கதவோரம் நின்று டாக்டரிடம் பேசியதைப் பார்த்தேன். கட்டுப் பிரித்த அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். போனில் கால் என்று ஆரம்பித்தால் சிக்னல் போகிறது. உங்களுக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கால் என்னுடையது. நீங்கள் பார்க்காமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடுமா?

புரோக்கரை வரும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பதில் எழுதுங்கள். அதில் கார் பேச்சு வேண்டாம். இன்ஜின், சத்தம், தோல் எதுவும் வேண்டாம். கால் எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். கேட்டுவிட்டால், கறுப்போ சிவப்போ உங்கள் இஷ்டம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் போய் ரத்தம் எடுத்துக்கொள்கிறேன். கேட்காமல் மறுபடியும் மூன்று பக்கம் எழுதினீர்களானால், அந்தச் சிவப்புக் கார் எனக்கு, இந்தக் கடிதம் மட்டும்தான் உங்களுக்கு.

அங்கே மழைக்காலம் என்று செய்தியில் சொன்னார்கள். கப்பல் மேல்தளம் வழுக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்து நடங்கள். கால் பத்திரம்.

இப்படிக்கு,
கோபத்துடனும் உங்களுடனும் இருக்கிற,
உங்கள் மனைவி