ஆறிய பிறகு ஏழு நாள்

அப்பா,

கெண்டைக்காலில் பூசிய பசை சில்லென்று இருந்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனை. ஸ்கேன் அறையில் சின்ன முக்காலி மேல் ஏற்றிச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். இந்த நரம்புச் சுருட்டு நோயை நின்றால்தான் பார்க்க முடியும். படுத்துவிட்டால் அது நல்ல பிள்ளையாகிவிடும்.

நீங்களும் இப்படி ஒரு முக்காலியில் நின்றீர்கள். "நிக்கறதுக்கா சாமி இத்தன தூரம் கூட்டியாந்த? அதத்தான் தெனமும் பண்றனே."

எனக்கு ஒன்றுமில்லை. கணுக்கால் ஓரம் சிலந்தி வலை போல ஊதாக் கோடுகள். கல்லூரியில் நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் வந்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது இருந்திருந்தாலும் வரலாம் என்றார் மருத்துவர். மெல்லிய ஊசியில் மருந்து ஏற்றினால் மங்கும். விட்டுவிட்டாலும் பயமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

யோசித்தது உங்கள் காலைப் பற்றி.

நாமக்கல் பழைய ரோட்டு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அந்தக் கல் முன்னால்தான் நின்றீர்கள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்து, நெளிந்து, முடிச்சு முடிச்சாக. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, நடுவில் ஒரு சின்னப் புண். லுங்கியை எப்போதும் மடித்துக் கட்டுகிறவர், எங்கள் முன்னால் மட்டும் இறக்கி விட்டுக்கொண்டீர்கள். அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பீர்கள். திரும்பும்போது போயிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகூட, சமையல் மேடையில் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பாடு. பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கேட்பதை எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகமில்லை.

எம்.ஏ. படித்த வருடம். விடுதியிலிருந்து போனில் உங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கெட்டுப்போன ரத்தக்குழாயை உள்ளேயே சுட்டு மூடும் லேசர். பசை வைத்து ஒட்டுவது. நுரை மருந்து. முன்காலத்தில் அறுத்து உருவியே எடுத்தார்கள். எதுவும் வேண்டாமென்றால், காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை.

"இத்தன தினுசா? நம்ம புரோட்டால கூட இல்லியே கண்ணு."

லேசர் என்று மருத்துவர் முடிவு செய்தார். அந்தக் குழாயை மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். வேறு வழிகள் இருக்கின்றன, அதில் போய்க்கொள்ளும் என்றார். பைபாஸ் வந்ததும் லாரிகள் உங்கள் ஓட்டலை விட்டுப் போன மாதிரியா என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை.

நாளும் குறித்தாயிற்று. ஆனால் பங்குனி. பழனிக்குக் காவடி எடுத்துவிட்டு வருகிறேன் என்று நின்றீர்கள். நடப்பது காலுக்குக் கெடுதல் இல்லை, காலுறையை மட்டும் கழற்றக் கூடாது என்று மருத்துவர் விட்டுக்கொடுத்தார்.

ஜேடர்பாளையத்தில் தீர்த்தம் எடுத்த காலை. ஆற்றில் முழுகி எழுந்து, ஈரக் காலோடு நின்று, காலுறையை என்னிடம் நீட்டினீர்கள்.

"செருப்பே ஆகாதுங்கறப்ப இத மாட்டிக்கிட்டு எப்புடி சாமி மலையேறறது?"

அது செருப்பு இல்லை, கட்டு. இந்த ஒரு வரியை நான் சொல்லியிருந்தால் போதும். சுற்றிலும் அரோகரா. உங்கள் முகத்தில் ஒரு தெளிவு. வாங்கி, மடித்து, பையில் வைத்தேன்.

ஐந்தாம் நாள் திரும்பினீர்கள். கணுக்கால் தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். புண் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து சீழ் பிடித்திருந்தது. மருந்து ஏற்றிச் சீழ் அடங்கிய பிறகு லேசரும் செய்தார்கள். புண் ஆறும்வரை நிற்கவே கூடாது. வீட்டுக்குள் கொஞ்சம் நடக்கலாம். மற்ற நேரமெல்லாம் இரண்டு தலையணை மேல் கால்.

அப்படித்தான் நீங்கள் உட்கார்ந்தீர்கள்.

எனக்குக் கோடை விடுமுறை. அம்மா விடிந்ததும் கோழிப்பண்ணைக்கு முட்டை எடுக்கப் போய்விடுவாள். நீங்களும் நானும். உங்கள் கை சும்மா இருக்காது. உட்கார்ந்த இடத்தில் வெங்காயம் அரிந்து தள்ளுவீர்கள், மூன்று பேருக்கு முப்பது பேருக்கானது. மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டீர்கள். முதல் நாள் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டீர்கள். ஒரு கதையை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இதில் ஒன்றுமே நடக்கவில்லையே என்றீர்கள். அப்புறம், "நம்ம வூடு மாதிரிதான் இருக்குது."

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் தவறால் பெரிதான புண். தினமும் கட்டுப் பிரித்துப் பார்க்கும்போது குற்றவுணர்வு இருந்தது. கூடவே சந்தோஷமும். ஓரங்களிலிருந்து புதுத்தோல் உள்நோக்கி வளர்ந்துவர, எனக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு திங்கட்கிழமை புண்ணைப் படம் எடுத்துக்கொண்டு நான் மட்டும் சேலம் போனேன். முழுக்க ஆறிவிட்டது, காலுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம், அவ்வப்போது உட்கார்ந்தால் போதும் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து, இன்னும் ஒரு வாரம் உட்காரச் சொன்னார் என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சரி என்றீர்கள். ஓட்டல் முதலாளி கூப்பிட்டு, மாஸ்டர் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டாரே என்று கிண்டல் செய்தபோதும் அடுத்த வாரம்தான் என்றீர்கள்.

அந்த வாரம் முடிந்த மறுநாள், செவ்வாய் மதியம், வாசலில் நின்று காலுறைக்கு மேல் லுங்கியை மடித்துக் கட்டினீர்கள். எங்கள் முன்னால், முதல் தடவை.

"ஆசுபத்திரில இருந்து எனக்கும் போன் பண்ணுனாங்க கண்ணு. போன செவ்வாக்கெழமையே."

எனக்குக் காது சுட்டது. "அப்பறம் ஏனுங்கப்பா போகல?"

"நீ உக்காரச் சொன்னியே."

அதன்பின் ஒன்றரை வருடம் அந்தக் காலில் நின்றீர்கள். புண் திரும்ப வரவில்லை. போனது நெஞ்சுவலியில், ஒரே மதியத்தில். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உங்கள் பொருள் என்று என்னிடம் அதிகம் இல்லை. செவ்வாயிலிருந்து திங்கள்வரை ஏழு பகல் இருக்கிறது. வலியில்லாத காலைத் தலையணை மேல் நீட்டி, என் பொய் தெரிந்தும் அசையாமல், நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு பகல்.