கிழக்குச் சுவரில் வாஷ் பேசின்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். கீதா இப்போதுதான் தூங்கினாள். அவர் நைட் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம்தான். வேறொன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

இன்று அம்பத்தூரில் நாங்கள் கட்டுகிற வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறையில் பைப் வேலை நடக்கிறது. சணல்நாரில் வெள்ளைப் பசையைத் தடவிக் குழாய் மரையில் சுற்றிக்கொண்டிருந்த பிளம்பர், உள்ளே அடைத்திருந்த மண்ணை உதிர்க்க ரெஞ்சால் குழாயைத் தட்டினார். டங், டங், டங். கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு, "இதோ வந்துட்டேன்க்கா!" என்று கத்திவிட்டேன். அவர் மிரண்டுபோனார். "இன்னாம்மா, யாரைக் கூப்புட்றீங்க? இங்க நான் ஒருத்தன்தான் கீறேன்."

அவருக்கு என்னவென்று சொல்வது? ஆவடி குவார்ட்டர்ஸில் முதுகோடு முதுகாக ஒட்டிய உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், இரண்டு பக்கமும் பிரியும் ஒரே குழாய் என்று எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பி.ஏ. பட்டமும் கைக்குழந்தையுமாக அங்கே வந்து சேர்ந்தவள் நான். பால் பொங்கினாலும் பயம், பொங்காவிட்டாலும் பயம். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையின் கோடி வரை நடந்து, சுற்றிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவேன். ஒருநாள் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "ஏட்டி, பி.ஏ. படிச்சவளே, பைப்பு இருக்கும்போது என்னத்துக்கு ஊரைச் சுத்திக்கிட்டு வாரே? தட்டு, நான் வாரேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு தட்டு என்றால் காபி கலந்தாயிற்று. இரண்டு என்றால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, எழுந்திரு. மூன்று என்றால் போட்டது போட்டபடி வா. நீங்கள் கரண்டியால் தட்டுவீர்கள், நான் பித்தளைச் சொம்பால். "மாமியார் மருமகள்கூட இப்படிப் பேசிக்கிட்டதில்லே" என்று உங்கள் வீட்டு அண்ணாச்சி கேலி செய்வார்.

கீதாவுக்கு ஜுரத்தில் வலிப்பு வந்த மத்தியானத்தை நினைக்காத நாளில்லை. கண் செருகி, கைகால் வெட்டி இழுக்க, மூன்று தட்டா நான்கா, எனக்கு எதுவும் நினைவில்லை. சொம்பு நசுங்கும்வரை தட்டியிருக்கிறேன். தலை முழுக்கச் சீயக்காயோடு, புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தீர்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "அழாதட்டி. காலேஜுல இதுக்கெல்லாம் பாடம் வைக்கலியாக்கும்?" என்றீர்கள். இழுப்பு அடங்கியதும் அதே கோலத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தீர்கள். நான் பின்னால் ஓடி வந்தேன். அங்கே நர்ஸ் என்னை விட்டுவிட்டு உங்களைத்தான் சமாதானப்படுத்தினார். "அழாதீங்கம்மா, உங்க கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது." நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எங்க அழுதேன்? சீயக்கா எரியுது!" என்றீர்கள். அந்த இடத்தில், அந்த நேரத்தில் என்னைச் சிரிக்க வைத்தீர்களே அக்கா.

அண்ணாச்சிக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. நீங்கள் போன மறுநாள் காலையில் தண்ணீர் வந்ததும், பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். காலி வீட்டில் அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. பிறகு குடிவந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் நான் ஒருமுறை மறந்துபோய்த் தட்டியதற்கு, "யாருங்க அது, குழாயை ஒடைக்கிறது?" என்று சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டில் வாஷ் பேசினை எங்கே வைப்பது என்று எனக்கும் பிளம்பருக்கும் சண்டை.

"மேல்தொட்டி பைப்பு பின்னாடி செவுத்துலதாம்மா எறங்குது. கயிவுத் தண்ணியும் அந்தாண்டயே பூடும். பேசினை அங்க வெச்சா ஒரே பெண்டுல வேலை முடிஞ்சிரும். நீங்க இன்னாடான்னா கெயக்கு செவுத்தக் கேக்குறீங்க. தண்ணி போவ வாட்டமும் கெடைக்காது."

"சோப்புத் தண்ணிதானே? சுவருக்கு வெளியே வாழை வைக்கப் போறேன், அதுக்கு விட்டுடுங்க."

"சர்தான். பேசினுக்கு ஒரு வாயி போதும். டீ ஜாயின்ட் போட்டு இன்னொரு வாயை செவுத்தத் தாண்டி வெளிய நீட்டச் சொல்றீங்களே, அது யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்கு. இப்போதைக்கு மூடி போட்டு வைங்க."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கிழக்கே வேலிகாத்தான் முள்ளும், மேய்கிற எருமையும்தான். "எந்த ஊட்டுக்கும்மா? எருமை ஊட்டுக்கா?"

வீட்டில் இவரிடம் சொன்னால், "மூணு தட்டுன்னா என்னன்னு எருமைக்குச் சொல்லிக் குடுத்துட்டியா?" என்று சிரிக்கிறார். ஆனால் டீயை எடுத்துவிடு என்று அவரும் சொல்லவில்லை. கீதாவுக்கு அப்புறம் வலிப்பு வரவில்லை. வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். இருந்தும் தூங்குகிறவளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், இதோ இந்தக் கடிதத்துக்கு நடுவிலும். புது வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இல்லை, அக்கா. இவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் நான் எந்தச் சுவரைத் தட்டுவேன்?

சென்ட்ரலில் ரயில் நகரும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "உங்க அண்ணாச்சி ரிட்டயர் ஆனதும் நீ எங்க வீடு கட்டுதியோ, அதுக்குப் பக்கத்து மனையப் பாத்து வையி." அழுகிறவளைத் தேற்றுவதற்காகச் சொன்னீர்களோ, நிஜமாகவே சொன்னீர்களோ, எனக்குத் தெரியாது. நான் பார்த்து வைத்திருக்கிறேன். கிழக்கு மனை இன்னும் விற்கவில்லை. ஆனால் இரண்டொருவர் வந்து பார்த்துப் போனதாக மனைக்காரர் சொல்கிறார். கொத்தனாரும் அந்தச் சுவரைப் பூசக் காத்திருக்கிறார்.

வர முடியாதென்றால் தயங்காமல் எழுதுங்கள். பேசினைப் பின்சுவரிலேயே வைக்கச் சொல்லிவிடுவேன், கோபம் ஒன்றுமில்லை. நசுங்கிய சொம்பை மட்டும் இவர் எத்தனை சொல்லியும் பாத்திரக்காரனிடம் போடவில்லை. பேசின் எந்தச் சுவருக்குப் போனாலும் அதன் பக்கத்தில்தான் இருக்கும்.

கடிதம் எழுதுவது உங்களுக்குக் கஷாயம் குடிக்கிற மாதிரி என்று தெரியும். ஒரு கார்டு போதும், இரண்டு வரி போதும். அண்ணாச்சியைக் கேட்டு, சீக்கிரம் பதில் போடுங்கள்.