சும்மா கிடந்த பேர்

என் அருமைச் சம்பந்தி அஞ்சலைக்கு,

நீ உயிரோடு இருந்த வரைக்கும் உன்னை நீங்கள் என்றுதான் கூப்பிட்டேன். பெண்ணைக் கொடுத்தவள் நீ, எடுத்தவள் நான். அந்த மரியாதை நமக்கு நடுவே ஒரு கோடு கிழித்து வைத்திருந்தது. நீயும் வாய் நிறைய அண்ணி என்பாய், ஆனால் என் எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டாய். இப்போது பேனாவை எடுத்தால் நீ என்றுதான் வருகிறது. கோபத்தில் வருகிறதா பாசத்தில் வருகிறதா, எனக்கே தெரியவில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்த கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. இங்கே மணலூர்பேட்டைப் பக்கம் நடவு முடிந்துவிட்டது. இனி களை எடுக்கக் கூப்பிட்டால்தான் வேலை. என் மகன் குமார் இன்னும் பெங்களூரில் கட்டட வேலையில்தான் இருக்கிறான். உன் மகள் செல்வி இளைத்துவிட்டாள். நம் பேத்தி பால்வாடிக்குப் போகிறாள். பேருந்துச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி, "சங்கராபுரத்து ஆயா வந்துடுச்சா?" என்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது? நீயே சொல்லு.

உன்னை எடுத்த மறுவாரம் உன் ஊர்க் கடன் குழுப் பெண்கள் வந்து செல்வியிடம் பேசினார்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனால் அந்தக் கடன் தள்ளுபடியாம். இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று கொடுத்தால் போதுமாம். செல்வி என் தோளில் சாய்ந்து அழுதாள். "அத்த, எங்கம்மா ஒருத்தருக்கும் ஒரு ரூபா கடன் வெக்காம போய்ட்டுச்சு அத்த." நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியும். அப்போது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

பேத்திக்குக் காது குத்த நாள் பார்த்திருந்த சமயம் அது. ஒரு மத்தியான வேளையில் நீ பரங்கிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக வந்து இறங்கினாய். செல்வி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மூச்சு வாங்கப் பேசினாய்.

"அண்ணி, எம்பேரு எல்லாக் குழுவுலயும் ரொம்பிப் போச்சுங்க. ஆதார் நம்பர அடிச்சா மிசினு இனிமே கடன் இல்லன்னு சொல்லுதாம். உங்க பேரு சும்மாதான கெடக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலம் சும்மா கிடக்கும், மாட்டுக் கொட்டகை சும்மா கிடக்கும். பேர்கூடவா சும்மா கிடக்கும்? அதுவரைக்கும் நான் எந்தக் குழுவிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"இன்னாத்துக்கு சம்மந்தி?" என்று கேட்டேன்.

"வூட்டு மேல தகரம் போடணும் அண்ணி. மழ வந்தா சட்டிய வெச்சிக்கினு உக்காந்திருக்கறேன். மாசா மாசம் டியூ நான் பஸ் ஏறி வந்து உங்க கையில குடுத்துடறேன்."

தலைக்கு மேல் கூரை கேட்கிறவளிடம் எப்படி இல்லை என்று சொல்வது? எங்கள் தெருக் குழுவில் பேர் கொடுத்தேன். நம் பக்கத்தில் இதற்குச் சொல்லே அதுதானே. கடன் கொடுத்தாள் என்பதில்லை, பேர் கொடுத்தாள் என்பார்கள். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் அப்படியே உன் மடியில் வைத்தேன். நீயும் சொன்ன சொல் தவறவில்லை. மாதம் பிறந்தால் டியூ என் கைக்கு வந்துவிடும்.

அந்த டியூவை எப்படிச் சேர்த்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பாய். உன்னைப் போலச் சிக்கனக்காரியை நான் பார்த்ததில்லை. கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளி பிடுங்கப் போகும் வேனில் ஏறுவதற்கு முன்பே பழைய சோற்றைக் குடித்துவிடுவாய், வழியில் டீக்குக்கூட இறங்க மாட்டாய். கூலி வாங்கியதும் டியூக் காசைத் தனியாக முடிந்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் எண்ணெயும் புளியும் வாங்குவாய். இதெல்லாம் சரிதான். இதை நானும் இன்றைக்கு அப்படியே செய்கிறேன். ஆனால் மாத்திரையிலும் மிச்சம் பிடித்தாயே, அது எந்த ஊர்க் கணக்கு?

மரவள்ளிக் கட்டை குத்திய கால் புண்ணாகி, அழுகி, உன்னைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உன் பையைச் செல்விதான் அவிழ்த்தாள். எப்போதோ கொடுத்த சர்க்கரை மாத்திரை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நாள் விட்டு நாள் போட்டிருக்கிறாய். நர்ஸம்மா சத்தம் போட்டார்.

"மாத்திரைய சும்மாதானம்மா குடுக்கறோம்? மாசத்துக்கு ஒருக்கா வந்து வாங்கிக்கினு போறதுக்கு இன்னா?"

நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய். "மாத்திர சும்மாதாம்மா. வர்ற நாளு சும்மாவா? ஒரு நாள் கூலி பூடுது."

அந்தப் பதிலை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை, அஞ்சலை. பக்கத்துக் கட்டில்காரி தலையாட்டினாள்.

உன் காரியத்தன்று மழை பிடித்துக்கொண்டது. உன் வீட்டுக்குள் ஒதுங்கினோம். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்திருந்தார்கள். அந்த இலையில் மேலிருந்து சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அதே பழைய ஓடு, அதே கிழிந்த தார்ப்பாய். தகரம் எங்கே? சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். செல்வி ஓடிப்போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்போதுதான் காதுகுத்துக்கு நாள் குறித்த அன்றைக்கு நடந்தது ஞாபகத்துக்கு வந்தது.

செல்விக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. தாய்மாமன் இல்லாத பிள்ளைக்கு யார் மடியில் வைத்துக் காது குத்துவது, யார் சீர் கொண்டுவருவது என்று என் நாத்தனார் ஆரம்பித்தாள். நீ அடுப்படியில் இருந்தாய்.

"இன்னா பச்சையம்மா, கூடப் பொறந்தவன் இல்லாத பொண்ண எடுத்துட்ட. காதுகுத்துக்குக் கடையில போய் நீயே கம்மல் வாங்கிக்கினு வரப்போறியா?"

எனக்குச் சுருக்கென்று பட்டது. உன்னை விட்டுக்கொடுப்பேனா? "என் சம்மந்திய இன்னான்னு நெனச்ச? மேளத்தோட வருவா. வாயப் பொளந்துக்கினு பாக்கப்போற, இரு" என்றேன்.

உன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அது அடுப்படி வரைக்கும் கேட்டதா? மறுவாரம்தானே நீ பரங்கிக்காயோடு வந்து நின்றாய்.

சொன்னது போலவே வந்தாய். வேன் பிடித்து, மேளம் வைத்து, தட்டுத் தட்டாகப் பழம், பட்டுப்பாவாடை, பித்தளைக் குடம், கல் வைத்த கம்மல். நான் தெருவெல்லாம் கேட்கும்படி என் நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் பேரில் வாங்கிய கடனை எனக்கே தட்டில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாய், நானும் குங்குமம் வைத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அஞ்சலை, இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

நீ போன பிறகு டியூ என் தலையில் விழுந்தது. எங்கள் குழு தெருக்கோடி வீட்டில் கூடும். ஒருத்தி கட்டவில்லை என்றாலும் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. முதல் மாதம் என் ஆட்டை விற்றுக் கட்டினேன். அடுத்த மாதம் காசு குறைந்தது. எதிர்வீட்டுக் குப்பு எடுத்துக் கட்டினாள், அவளிடம் நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் வாயைச் சும்மா வைக்கவில்லை.

"ஏங்க்கா, செத்தா தள்ளுபடின்றாங்களே, உங்க சம்மந்திதான் பூட்டாங்களே?"

"கடன் எம்பேர்ல இருக்குதுடி. தள்ளுபடி ஆவணும்னா நான்தான் சாவணும்."

"அதுக்கும் ரெண்டு நாளு முன்னாடியே சொல்லிட்டுச் சாவுங்கக்கா. கூலி வேலைய விட்டுட்டு வரணுமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வசூலுக்கு வந்திருந்த தம்பி மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தான்.

அதன் பிறகு கணக்கை இறுக்கினேன். காலை டீ நின்றது. பாக்கெட் எண்ணெயை விட்டுக் கடையில் சில்லறையாகப் பாட்டிலில் வாங்கினேன், கணக்குப் பார்த்தால் அதுதான் கம்மி. கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டேன். மொய் எழுதாமல் எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவது? கால் வலி என்று சொல்லிவிட்டேன். ஊரில் யாருக்குப் பத்திரிகை வந்தாலும் எனக்குக் கால் வலி வந்தது. குமாரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பான், செல்விக்குத் தெரியும். அம்மா கடனில்லாமல் போனாள் என்பது ஒன்றுதான் அந்தப் பெண்ணுக்கு மிச்சம். அதை நான் பிடுங்கலாமா?

ஆனால் தெரிந்துவிட்டது. நான் களையெடுக்கப் போயிருந்த நாளில் வசூல் தம்பி வீட்டுக்கே வந்திருக்கிறான். குப்பு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் வரும்போது செல்வி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"இன்னாத்துக்கு அத்த எங்கிட்ட மறைச்சீங்க?"

"உங்கம்மா பேரு கெடக் கூடாதுன்னுதான்..."

"அம்மா பேரா? அம்மா மாத்திர போடாம இருந்ததெல்லாம் இந்தக் கம்மலுக்கா அத்த? எம்பொண்ணு காதுல தொங்கறது எங்கம்மா காலா?"

பிள்ளையை இழுத்து மடியில் போட்டுத் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். பிள்ளை வீல் என்று கத்தியது. நான் தடுத்தேன். "வேணான்டி, உங்கம்மா போட்டது, இருக்கட்டும். நான் கட்டிடறேன்."

"நீங்களும் அம்மா மாதிரியே கட்டுவீங்க. உங்க பிரசர் மாத்திர தீந்து எத்தினி நாளாச்சு? அரிசிப் பானைக்குப் பின்னாடி காலி அட்டைய ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு நான் கையை எடுத்துவிட்டேன்.

அடகு வைக்கலாமா என்று பேசினோம். அடகும் ஒரு கடன்தானே என்று அவளே சொன்னாள். விற்றுவிட்டோம். தங்கம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆனாலும் கடைக்காரர் கல்லைப் பெயர்த்துத் தனியே வைத்து எடை போட்டார். வந்ததை அப்படியே கொண்டுபோய்க் கட்டினோம். கடன் முழுதாக அடையவில்லை. தங்கம் போனது போக மேளக்காரரும் வேன்காரரும் கொண்டுபோன காசு இருக்கிறதே, அதை எந்தக் கடையில் விற்பது? மிச்சத்தை மாதாமாதம் செல்வியும் நானும் சேர்ந்து கட்டுகிறோம். இப்போது டியூவுக்கு அவள்தான் போய் உட்காருகிறாள். குப்புவிடம், "எங்கம்மா வாங்கினது, நான் கட்றேன். உனக்கு இன்னாக்கா அதுல?" என்று கேட்டாளாம்.

உன் மீது கோபம் தீரவில்லை, அஞ்சலை. கம்மல் இல்லாவிட்டால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதானே. சிரிப்பு ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். கவரிங் போட்டிருந்தால் அந்தக் காது என்ன செவிடாகவா போயிருக்கும்? நீ இருந்திருப்பாய். இதை உன்னிடம் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. நானும் குங்குமக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தேன்.

போன வாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்று மாத்திரை வாங்கினேன். திரும்பி வரும்போது பேருந்தில் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவள் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பேத்தி காதில் இப்போது வேப்பங்குச்சி போட்டிருக்கிறோம். தினம் எண்ணெய் தொட்டு நான்தான் திருப்பி விடுகிறேன். கடன் அடைந்த பிறகும் அதே தேதியில் அதே காசை எடுத்துத் தபால் ஆபீஸில் போடுவதாகச் செல்வியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். கை அதற்குப் பழகிவிட்டது. சேர்ந்த பிறகு யார் பேரிலும் வாங்காமல் ரொக்கம் கொடுத்து அவளுக்குக் கம்மல் போடுகிறேன். மேளம் கிடையாது. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காதே. மாத்திரை நாளையும் விட மாட்டேன், சோற்றிலும் கை வைக்க மாட்டேன், அதனால் மெதுவாகத்தான் சேரும். அதுவரைக்கும் அந்த ஓட்டை மூடிப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பேத்தியின் இன்னொரு ஆயா,
உன் அண்ணி பச்சையம்மாள்