ஆடியில் திறந்த சூட்டுப்பெட்டி

நேற்று மதியம் ஸ்டோர் அறையில் ஒரு மரப்பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தேன். பழைய ரப்பர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உடனே நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. போனவர்களை நினைத்தால் அழுகை வரும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆஸ்பத்திரி கமிட்டிக்காரர்கள் மேல், என் மேல், கொஞ்சம் உன் மேலும்.

முதன்முதலாகப் பெட்டிகள் வந்த அந்த வருஷம் நாம் இரண்டு பேரும் புத்தூர் தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸுகள். பாலக்கரையில் ஒரே அறையில் குடியிருந்தோம். சீமையில் யாரோ தொண்டர்கள், அவர்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் கழித்த சாமான்களையெல்லாம் சேகரித்துக் கப்பலில் அனுப்புகிறார்கள் என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார். மலைக்கோட்டைக்குக் கீழே பெரிய ஜவுளிக்கடை அவருக்கு. கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பெட்டிகளைப் பிரித்துப் பட்டியல் போடும் வேலை நம் தலையில் விழுந்தது. தொட்டால் பொடியாகும் கையுறைகள். முனை மழுங்கிய ஊசிகள். ஒரு பெட்டி நிறைய கட்டைக்கால்கள், எல்லாமே இடது கால். நீ ஒவ்வொன்றுக்கும் எதிரே "உதவாது" என்று எழுதிக்கொண்டே போனாய். பட்டியலைப் பார்த்த செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமாம்மா?"

"பல்லைப் பாக்கலைங்க. மாடு உசிரோட இருக்கான்னுதான் பாக்கறேன்" என்றாய்.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கே உன் பெயரை அவர் மனதில் குறித்து வைத்திருப்பார்.

கடைசிப் பெட்டியில்தான் அது இருந்தது. கண்ணாடி வைத்த இன்குபேட்டர், குறைமாதக் குழந்தைகளுக்கான சூட்டுப்பெட்டி. அதை யாரோ மனசு வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகத் துணி சுற்றியிருந்தது. அடியில் இருந்த சின்ன இழுப்பறையில் ஒரு சீட்டு, அந்த ஊர் நர்ஸ் ஒருத்தி கையால் எழுதியது. எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று இங்கிலீஷில் வரிசையாக எழுதியிருந்தாள். கடைசி வரியை நீ எழுத்துக்கூட்டிப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாய்: "சும்மா வைத்திருக்காதீர்கள், ரப்பர் இறுகிப்போகும்." பெயர் தெரியாத அவளை உனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. "இவ நம்ம ஜாதிடி" என்று சொல்லி, சீட்டை என்னிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்தாய். உன்னிடம் இருந்தால் தொலைந்துவிடும் என்பது உனக்கே தெரியும்.

அவர்கள் ஊர் கரண்ட் வேறு, நம் ஊர் கரண்ட் வேறு என்று கண்டுபிடித்ததும் நீதான். பாலக்கரை எலக்ட்ரீஷியன் பாயைக் கையோடு அழைத்துவந்து, இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டாய். எல்லாம் தயார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு விழா என்றார் செயலாளர். பெட்டியைச் சுற்றிச் சிவப்புப் பட்டு ரிப்பன் கட்டி, மேலே பூப்போட்ட துணி போர்த்தினார்கள். கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்ணைப் போல அது மூலையில் உட்கார்ந்திருந்தது. "ஆடியில பொறக்காதேன்னு குழந்தைங்களுக்கு யாருடி தாக்கல் சொல்றது?" என்று கேட்டாய்.

பதினெட்டாம் பெருக்கன்று அந்தப் பெண் வந்தாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படியில் முளைப்பாரி விட வந்தவளுக்கு அங்கேயே வலி கண்டுவிட்டது. ஏழு மாதம். குதிரை வண்டியில் காவேரிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்த அரைமணியில் குழந்தை பிறந்தது. பெண். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, அவள் உடம்பு சில்லிட்டுக்கொண்டே போகிறது. டாக்டரம்மா, "பெட்டியில வைக்கணும், ஆனா செயலாளரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். நீ ஜவுளிக்கடைக்குப் போன் போட்டாய். நான் குழந்தையைப் பஞ்சில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"இன்னும் ரெண்டு வாரம்தானேம்மா. நம்ம ஊர் வெயிலே சூட்டுப்பெட்டிதானே."

"இன்னிக்குப் பெருக்குங்க. ஆடியிலயே நல்ல நாள் இதுதானே."

"நல்ல நாள்தான். ஆனா தலைமை தாங்கறவர் ஆவணியிலதான் வராரு. அவர் திறக்கறதுக்கு முந்தி தொட்டா, அனுப்பினவங்க என்ன நினைப்பாங்க?"

அப்போதுதான் விளங்கியது, ஆடி வெறும் சாக்கு என்று. நீ போனை வைத்துவிட்டு நேரே போனாய். தொப்புள்கொடி வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் உன் கையில்தான் இருந்தது. அதைக்கொண்டே ரிப்பனை வெட்டினாய். "குழந்தையைக் குடுடி" என்று கையை நீட்டினாய். கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் அவள் நிறம் திரும்பியது. அன்றைக்கு நீ சாப்பிடவே இல்லை, அந்தக் கண்ணாடியை விட்டு நகரவும் இல்லை.

நாலாம் நாள் கமிட்டி கூடியது. மேஜை மேல் வெட்டுப்பட்ட ரிப்பனை வைத்திருந்தார்கள். குழந்தை பிழைத்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொடுத்தவர்களை அவமதித்துவிட்டாய் என்பதுதான் உன் மேல் குற்றம். அதற்குப் பதில் என் பையில் இருந்தது. அந்தச் சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தால் போதும். கொடுத்தவளே சும்மா வைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறாள். செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியாம்மா?" என்றார்.

"நான் ஸ்டோர்ல இருந்தேங்க. பாக்கலை" என்றேன்.

அப்பா படுத்த படுக்கை, தம்பி படிக்கிறான், வேலை போனால் என்ன செய்வேன் என்றெல்லாம் பிறகு எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதுவும் ஒட்டவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். சீட்டு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீயாவது கேட்டிருக்கலாமே? "அவ பைல இருக்கு, எடுக்கச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கே உன்னை வேலையை விட்டு நீக்கினார்கள். அறையைக் காலி செய்யும்போதுகூட என்னைத் திட்டவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "சீட்டைப் பத்திரமா வச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு லால்குடி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். செருப்பால் அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

ஆவணியில் விழா நடந்தது. புது ரிப்பன் கட்டினார்கள். பெட்டி காலியாக, பளபளப்பாக இருக்க வேண்டுமாம். அதற்காகப் பதினாறு நாள் குழந்தையை வெளியே எடுத்து என்னிடம் கொடுத்து, அடுத்த அறையில் இருக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் மாலையும் பேச்சும் கைதட்டலும். நான் அவளை ரவிக்கைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதடு நீலம் பாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தக் குழந்தைக்காகப் பெட்டி வந்ததோ அந்தக் குழந்தை இல்லாமல் போட்டோ எடுத்துச் சீமைக்கு அனுப்பினார்கள். சீட்டு எழுதியவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள், பாவம்.

அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒவ்வொரு பெருக்குக்கும் ஆற்றுக்கு வரும்போது அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிக்கும் வருவாள். "கத்தரிக்கோல் அம்மா எங்கங்க?" என்று கேட்பாள். மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொல்வேன். லால்குடி பதினைந்து மைல்கூட இல்லை. ஒரு தடவையாவது வந்து உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தை மாதத்தில் உனக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டுக் கிளம்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது நான் தலைமை நர்ஸ். செயலாளர் நாற்காலியில் அவருடைய மகன். நேற்றுப் பிரித்த பெட்டியில் இன்னொரு இன்குபேட்டர் வந்திருக்கிறது. இதுவும் பழசுதான், ஆனால் ஓடுகிறது, எலக்ட்ரீஷியன் பாயின் மகன் வந்து பார்த்துவிட்டான். பழைய பெட்டியில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறது. காலையில் செயலாளர் போன் செய்தார். "ஆடி ஆச்சே சிஸ்டர், ஆவணியில வச்சுக்கலாம். நாளைக்கு ரிப்பன் கட்ட ஆள் அனுப்பறேன்" என்றார். சரிங்க என்றேன். மத்தியானம் இன்னொரு குறைமாதக் குழந்தை பிறந்தது.

நாளைக்கு வருவார்கள். யார் திறந்தது என்று கேட்பார்கள். இந்தத் தடவை நான் ஸ்டோரில் இருக்க மாட்டேன், பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பேன். இத்தனை வருஷம் பையிலேயே கிடந்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்தச் சீட்டை, அடியில் தமிழிலும் எழுதி, புதுசாக வந்த பெட்டியின் கண்ணாடி மேல் ஒட்டிவிட்டேன். உள்ளே ஒரு பையன் தூங்குகிறான்.